முந்திரிகை மணம்

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இராசநாயகம் கிணற்றடிக்கு இறங்கியபோதுதான் உதயகலா அவருடைய வலது காலைப் பார்த்தாள். சீனி வருத்தக்காரர், நீரிழிவு. பெருவிரலில் சுற்றியிருந்த துணி கழன்று, புண் வெளியே தெரிந்தது.

கிணற்றடி வாங்கிலில், நீளப் பலகையில், அவருடைய தம்பி சோமசேகரத்தின் உடல் கிடந்தது. உதயகலாவின் புருஷன். பிள்ளைகள் இல்லாத வீட்டில் குளிப்பாட்டுகிற உரிமை தமையனுக்குத்தான்.

"என்ன பிள்ளை, முந்திரிகைப்பழம் மணக்குது?" என்றாள் பக்கத்து வீட்டு இராசமலர். "ஆரும் பழம் கொண்டுவரேல்லையே. சிவலோகம் போற ஆத்துமா, அதுதான் மணக்குது."

நின்ற பெண்கள் "ஓமோம்" என்று கும்பிட்டார்கள். உதயகலாவுக்கு அந்தத் திராட்சை மணம் தெரியும். முப்பது வருசமாகப் புருஷனின் சேட்டில் ஒட்டி வீட்டுக்கு வந்த மணம் அது. பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் தட்டுத் தட்டாக வளர்த்து, தவளைத் தோலிலிருந்து பிரித்தெடுத்த சின்னப் புரதத் துண்டால் அவர் கொன்ற கிருமியின் மணம். போன மாதம் அவருடைய சத்திரசிகிச்சைப் புண்ணிலேயே அது குடிவந்தது. எந்த மருந்துக்கும் அசையவில்லை. பாம்பாட்டிக்குப் பாம்பிலே சாவு.

"நீங்கள் கண்டுபிடிச்சதைப் போட்டுப் பாத்தாலென்ன?" என்று அவள் ஆசுப்பத்திரிக் கட்டிலடியில் நின்று அழுதாள்.

"தட்டிலை போட்டால் கிருமி சாகும். ஆளிலை போட்டால் ஆளும் சேர்ந்து சாகும்," என்று சோமசேகரம் சிரித்தார்.

அவர் போய்விட்டார், அது போகவில்லை. அந்த உடம்பில் இப்போது உயிரோடு இருப்பது அது மட்டும்தான். கழுவுகிற தண்ணீர் நேரே தமையனின் காலுக்குத்தான் வழியும்.

"அத்தான், நில்லுங்கோ! தொடாதேங்கோ."

இராசநாயகம் வாளியோடு நிமிர்ந்தார்.

"என்ரை தம்பியை நான் தொடாமல் ஆர் தொடுறது?" இராசநாயகத்தின் குரல் உடைந்தது. "ஆசுப்பத்திரியிலையும் கிட்டப் போக விடேல்லை. இப்பவும் விடமாட்டியோ?"

சொன்னால், மனிசன் அழுகிச் செத்தார் என்று ஊர் கதைக்கும். சொல்லாவிட்டால் அடுத்த மாதம் இந்த வாங்கிலுக்கு அத்தான் வருவார். உள்ளே ஓடினாள். வயலில் தவளை பிடிக்கப் போகும்போது புருஷன் போடுகிற றப்பர் சப்பாத்து, நீலக் கையுறை, முகக்கவசம் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்தாள்.

"செத்தவீட்டுக் கிரியையிலை சப்பாத்தோ?" என்று இராசமலர் வாயைப் பொத்தினாள்.

"அது சிவமணம் இல்லையக்கா. இவரைக் கொண்டுபோன கிருமியின்ரை மணம்." உதயகலா மைத்துனரின் காலடியில் குந்திச் சப்பாத்தை வைத்தாள். "அத்தான், உங்களையும் குடுத்திட்டு நான் ஆரிட்டைப் போறது?"

இராசநாயகம் காலை நுழைத்தார். அளவாக இருந்தது. கையுறையையும் மாட்டிக்கொண்டார். முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது.

குனிந்து முதல் வாளியை ஊற்றினார். புருஷனின் அதே கூன் முதுகு, அதே நீலக் கை. கிடப்பவர் யார், கழுவுபவர் யார் என்று உதயகலாவுக்கு ஒரு கணம் பிடிபடவில்லை. வாய் முப்பது வருசப் பழக்கத்தில் சொல்லிவிட்டது:

"கையை வடிவாக் கழுவிப்போட்டு வாங்கோ. சோறு ஆறுது."

செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. ஆனாலும் திரும்பிப் பாராமலே, முகக்கவசத்துக்குள்ளிருந்து பதில் வந்தது.

"ஓம், வாறன்."