மேவிஸை முதலில் அனுப்பு

ஆற்றின் மேல்பக்கத்திலிருந்து ஜெர்ரி இறங்கிக்கொண்டிருந்தது. ஹோபார்ட் ஊர்க்காரர்கள் குளிர்காலப் பனிமூட்டத்தை அப்படித்தான் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள், ஏதோ பக்கத்து வீட்டுக்காரன் வருகிறாற்போல. பாலம் போயிற்று, படகுகள் போயின, எதிர்க்கரை மலையும் போயிற்று. ஓர்லாவின் மாடியறை ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமே மிச்சமில்லை. வரையாத படம் ஒன்றின் நடுவே உட்கார்ந்திருப்பதைப் போல இருந்தார்கள் மூவரும்.

மேசைமேல் அவர்கள் செய்த சீட்டு விளையாட்டு விரிந்து கிடந்தது. கடலோரத்தில் ஒரு பழைய ஓட்டல். ஒவ்வொரு சுற்றுக்கும் தண்ணீருக்குள்ளிருந்து ஏதோ ஒன்று ஓர் எட்டு நெருங்கி வரும். அதற்குப் பேர் கிடையாது, 'அது' என்றுதான் சீட்டில் போட்டிருந்தார்கள். இந்த ஆட்டத்தில் ஒருவரை ஒருவர் ஜெயிக்க முடியாது. விளக்குக் கோபுரத்தை ஏற்றிவிட்டால் எல்லோரும் பிழைப்பார்கள், இல்லாவிட்டால் எல்லோரும் போவார்கள். கணக்கெல்லாம் ஹேமிஷுடையது. படங்கள் ஓர்லாவுடையவை. ஆட்களையும் ஆளுக்கொரு சீட்டுக்கட்டையும் எழுதியவள் டீகன்.

அந்த ஆட்களில் ஒருத்தி மேவிஸ், ஓட்டலில் அறை கூட்டித் துடைக்கிறவள். டீகனின் அம்மாவும் துறைமுகத்துப் பக்கம் அதே வேலையைத்தான் பார்த்தார். அந்தச் சம்பளத்தில்தான் டீகன் தன் குடும்பத்தில் முதல் ஆளாகப் பட்டம் வாங்கினாள். ஆகவே மேவிஸின் சீட்டை அவள் உருகி உருகி எழுதியிருந்தாள். மேவிஸ் அலைக்குப் பலியானால் மற்றவர்கள் ஆளுக்கு மூன்று சீட்டு எடுத்துக்கொள்ளலாம், அவர்களுடைய பயமெல்லாம் கரைந்து போகும். கீழே சாய்ந்த எழுத்தில் ஒரு வரி: 'எல்லோரும் தூங்கிய பிறகு அவள் தரையைத் துடைத்தாள்.' எவ்வளவு அழகான சாவு என்று அப்போது தோன்றியது.

போன வாரம் முன்பின் தெரியாதவர்களைக் கூட்டி ஆடிப் பார்க்கச் சொன்னார்கள். ஒருவன் விதிகளைப் படித்து முடிக்கக்கூட இல்லை. "மேவிஸை முதல்ல அனுப்பு. அப்புறம் நிம்மதியா ஆடலாம்" என்றான். மேசையே சிரித்தது. அடுத்த மேசையும் அதைப் பிடித்துக்கொண்டது. சாயங்காலம் வரை மேவிஸ் வாளியும் துணியுமாகக் கடலுக்குள் போய்க்கொண்டே இருந்தாள். அந்தச் சாய்ந்த வரியை ஒருவரும் படிக்கவில்லை.

இன்று மதியத்துக்குள் எல்லாம் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். மேவிஸின் சீட்டை மாற்றியே தீருவேன் என்றாள் டீகன். அதில் கை வைத்தால் மொத்தக் கணக்கும் சரிந்துவிடும், மாசக்கணக்கில் உட்கார்ந்து போட்டது என்றான் ஹேமிஷ். உனக்கு அது கணக்கு, எனக்கு அது மனுஷி என்று இவள் சொல்ல, அட்டையில் அச்சடிக்கிற மனுஷி என்று அவன் சொல்ல, சண்டை முற்றியது. ஓர்லாதான் ஒரு வழி சொன்னாள். மேவிஸைச் சாகவிடாமல் ஒரே ஓர் ஆட்டம் ஆடுவோம். ஜெயித்தால் சீட்டு மாறும், தோற்றால் அப்படியே அச்சுக்குப் போகும்.

டீகன் ஒத்துக்கொண்டாள், ஒரு நிபந்தனையோடு. ஆட்டம் தாமதமாகிறது என்று ஹேமிஷ் வெட்டி எறிந்த பழைய விதி ஒன்று உண்டு. ஆட்டத்துக்குள் அந்தந்த ஆளாகத்தான் பேச வேண்டும். எண் சொல்லக் கூடாது, இந்தச் சீட்டைப் போடு என்று அதிகாரம் செய்யக் கூடாது. அந்த விதி திரும்ப வேண்டும் என்றாள். அவன் தோளைக் குலுக்கிவிட்டுச் சீட்டைக் கலைத்தான்.

ஹேமிஷ் டாக்டர். ஓர்லா முக்குளிப்பவள். டீகன் மேவிஸ்.

கொஞ்ச நேரத்தில் அறையும் ஓட்டலும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்தன. ஹீட்டரின் முனகல் அலைச்சத்தமாக மாறியது. ஓர்லா வரைந்த நீண்ட நடைபாதையில் மேவிஸ் நடந்தாள், கதவு கதவாகச் சாவி போட்டாள். எந்த அறையைத் திறந்தாலும் படுக்கை விரிப்பின்மேல் ஈரமணல். அவள் உதறினாள், மடித்தாள், அடுத்த அறைக்குப் போனாள். டீகனுக்குத் தன் உள்ளங்கையில் சோப்பு வாசனை அடிப்பதைப் போலிருந்தது. யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. டாக்டர் ஒவ்வொரு மாடியாக விளக்கு வைத்தான், முக்குளிப்பவள் தண்ணீருக்கடியில் மணி அடிப்பதைக் கேட்டேன் என்றாள்.

பிறகு 'அது' வாசற்படிக்கு வந்தது.

கோபுரத்துக்கு எண்ணெய் வேண்டும். அந்தச் சீட்டு ஹேமிஷிடம் இல்லை என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. புதிதாக மூன்று சீட்டு எடுத்தால் கிடைத்துவிடும். அதற்கு வழி ஒன்றுதான். ஒப்பந்தமெல்லாம் அவனுக்கு அந்த நொடியில் மறந்தே போயிற்று. ஜெயிக்கக்கூடிய ஆட்டத்தைக் கண்ணெதிரே விட்டுவிட அவனுக்குத் தெரியாது.

"மேவிஸை..." என்று ஆரம்பித்தான்.

"டாக்டரா பேசுடா" என்றாள் ஓர்லா.

அவன் தொண்டையைச் செருமினான். டீகனைப் பார்க்காமல் சீட்டைப் பார்த்தான். "மேவிஸ், கடல் பக்கம் கொஞ்சம் போயிட்டு வர்றியா?"

"எதுக்கு டாக்டர்?"

அவன் காது சிவந்தது. "அங்க... தரையெல்லாம் ஈரமா இருக்கு."

ஓர்லா சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"என் ஷிஃப்ட் முடிஞ்சிடுச்சு டாக்டர்" என்றாள் டீகன்.

'அது' உள்ளே வந்தது. நடைபாதை நிரம்பியது, சாவிகள் மிதந்தன, மூன்று பேரும் ஒன்றாக முழுகினார்கள். ஹேமிஷ் சீட்டுகளை மேசையில் விட்டெறிந்தான். "அப்படிச் சொல்ல அவளுக்குக் கார்டே இல்ல டீகன். முடியாதுன்னு சொல்ற கார்டு அவ கட்டுலயே கிடையாது. எழுதினது நீதான்."

தப்பிக்கத்தான் அவன் அப்படிச் சொன்னான். ஆனால் டீகன் மேவிஸின் கட்டை எடுத்து ஒவ்வொன்றாகத் திருப்பினாள். சாவிக்கொத்து, பழைய துணி, பொறுமை, சூடான தேநீர், பின்வாசல். எல்லாமே அடுத்தவர்களுக்கு உதவுகிற சீட்டுகள். ஒரு வாரமாக யார் யார்மேலோ கொதித்துக்கொண்டிருந்தாள். மேவிஸைக் கடல்வரைக்கும் கூட்டிப்போய்த் தயாராக நிறுத்தியிருந்தது வேறு யாருமில்லை.

தோற்றது தோற்றதுதான், பேச்சு மாற மாட்டேன் என்றாள். அச்சுத்தாளில் ஒரு சீட்டுக்கான இடம் வெறுமையாக இருப்பது அவளுக்கு நினைவிருந்தது. வெற்று அட்டை ஒன்றை இழுத்துப் பேனாவால் எழுதினாள்: 'ஷிஃப்ட் முடிந்தது. இந்தச் சுற்றில் மேவிஸை யாரும் எங்கும் அனுப்ப முடியாது.'

"பழைய கார்டை மாத்தல. இதைச் சேர்க்கறேன், அவ்ளோதான்."

ஹேமிஷ் அதை வாங்கிப் படித்தான். திரும்பவும் படித்தான். "இது கையில இருக்கா இல்லையான்னு மத்தவங்களுக்குத் தெரியாதே. அப்போ அவளை நம்பி எப்படித் திட்டம் போடறது?"

"போட முடியாது."

அவன் திட்டப்போகிறான் என்றுதான் டீகன் காத்திருந்தாள். ஆனால் ஹேமிஷுக்கு ஒரு வியாதி உண்டு. புதிதாக ஒரு முடிச்சு கண்ணில் பட்டால் கோபத்தை மறந்துவிடுவான். உதடு அசைய ஏதோ கணக்குப் போட்டான். தலையைச் சொறிந்தான். பிறகு அந்த அட்டையை மேவிஸின் கட்டுக்குள் செருகி, நிதானமாகக் கலைத்து, அவரவர் கட்டிலிருந்து எல்லோருக்கும் போட்டான். ஓர்லா அதற்குள் பென்சிலை எடுத்துவிட்டாள். பேருந்து நிறுத்தத்தில் காலணியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருக்கும் ஒருத்தி தாளில் வந்துகொண்டிருந்தாள்.

'அது' மறுபடி தண்ணீரை விட்டு எழுந்தது. டாக்டர் நடைபாதையின் கோடியில் நின்றான்.

"மேவிஸ், நீங்க சொல்லுங்க. இப்ப என்ன பண்ணலாம்?"

டீகன் தன் கையிலிருந்த சீட்டுகளைப் பார்த்தாள். அவள் அவசரப்படவில்லை.