இந்த விலாசத்தில் இல்லை

கிளெண்டா தாக்ரே கவுன்சில் ஆபீஸுக்கு வருவது இது நான்காவது தடவை. நான்கு தடவையும் ஒரே சேதிதான்: கிளைவ் போய்விட்டான். நாற்பத்தொரு வருஷம் குடித்தனம் பண்ணிய மனுஷன், எழுபது வயதில், கடற்கரை ஊரான பிரிட்லிங்டனில் ரீட்டா என்ற ஒருத்தி வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டான். கவுன்சிலிடம் வாடகை உதவி வாங்குகிறவர்கள் வீட்டில் ஆள் கூடினாலும் குறைந்தாலும் ஒரு மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும். கிளெண்டா மூன்றாம் நாளே தெரிவித்தாள். தெரிவித்து என்ன பிரயோஜனம்? ஐந்து மாதமாக அவன் பென்ஷனையும் அவள் வருமானத்தில் சேர்த்து, உதவியைக் குறைத்தே கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வாடகை பாக்கி விழுந்து, வீட்டைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ் இப்போது அவள் கைப்பையில் இருந்தது.

“போனதுக்கு அத்தாட்சி வேணும்மா” என்றாள் கவுண்டரில் இருந்த பிரையனி.

“அவன் பல்செட் போட்டு வைக்கிற டம்ளர் காலியா கிடக்கு. எடுத்துட்டு வரட்டுமா?”

“அவரோட புது விலாசம் குடுத்தீங்கன்னா போதும்.”

“வீட்டு நம்பரைச் சொல்ல மாட்டேங்கிறானே, பாவி! ஒருத்தன் இருக்கான்னா காட்டலாம். இல்லைங்கிறத நான் எப்படிம்மா காட்டறது?”

பிரையனி கம்ப்யூட்டரைப் பார்த்தாள். “பென்ஷன் ஆபீஸ்ல இன்னும் உங்க வீட்டு விலாசம்தான் இருக்கு. லெட்டரெல்லாம் உங்களுக்குத்தானே வருது? என்ன பண்றீங்க அதையெல்லாம்?”

“எடுத்து வெக்கிறேன். சனிக்கிழமை வந்து வாங்கிட்டுப் போவான்.”

“கிழிஞ்சது போங்க! உறை மேல ‘இந்த விலாசத்தில் இல்லை’ன்னு எழுதி திருப்பிப் போட்டிருந்தா, அவங்களே அவரைத் தேடிப் பிடிச்சிருப்பாங்க. இங்கயும் தகவல் வந்திருக்கும்.”

கிளெண்டாவுக்குச் சுருக்கென்றது. அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம் அது. முன்னால் குடியிருந்தவனுக்கு வந்த தபாலையெல்லாம் இரண்டு வருஷம் அவளே அப்படித் திருப்பியிருக்கிறாள். கிளைவ் விஷயத்தில் தோன்றாமல் இல்லை. தோன்றியது, மனசுதான் வரவில்லை. தபால் இருந்தால்தானே அவன் வருவான்? வெட்கங்கெட்ட மனசு.

மறுநாள் சனிக்கிழமை. பத்து மணிக்கு கிளைவ் வந்தான். ஷூவைக் கழற்றிவிட்டு, இன்னும் அங்கேயே கிடந்த தன் பழைய செருப்பை மாட்டிக்கொண்டு, டீக்கு உட்கார்ந்தான். அவள் நோட்டீஸை அவன் முன்னால் வைத்தாள்.

“படி. இப்பவாவது பென்ஷன் ஆபீஸ்ல விலாசத்தை மாத்திக்கோ.”

“மாத்தினா ரீட்டாவுக்கு வர்ற வாடகை உதவியில கை வெச்சிடுவாங்க, கிளெண்டா. தனியா இருக்கேன்னு எழுதிக் குடுத்திருக்கா.”

“ஓகோ! பொய் சொன்னவ வீட்டுல இருக்கணும், நெசத்தைச் சொன்னவ தெருவுக்குப் போகணுமா?”

“கத்தாத. நீ எப்படியும் சமாளிச்சுக்குவே. அவளுக்கு அவ்வளவு தெம்பு கிடையாது.” பிஸ்கட்டை டீயில் முக்கினான். “என் லெட்டரெல்லாம் எங்க?”

கிளெண்டாவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. தபால் போட்டு வைக்கும் பழைய பிஸ்கட் டப்பாவிலிருந்து, அவனுக்கு வந்திருந்த ஆறு உறைகளையும் எடுத்தாள். பேனாவைத் திறந்து ஒவ்வொன்றின் மேலும் பெரிதாக எழுதினாள்.

“ஏய், என்ன எழுதறே?”

கோட்டை மாட்டிக்கொண்டு உறைகளோடு வெளியே நடந்தாள். தெருமுனையில் சிவப்புத் தபால்பெட்டி. கிளைவ் செருப்போடே மழையில் பின்னால் ஓடிவந்தான். “பைத்தியமா உனக்கு? ரீட்டா என்னைத் தொரத்திடுவா!” என்று அவள் கையைப் பிடித்தான். உதறிவிட்டு ஆறையும் உள்ளே தள்ளினாள். பெட்டிக்குள் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தவனை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பிக் கதவைச் சாத்தினாள்.

கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது. “கிளெண்டா! என் ஷூ உள்ள இருக்கு!”

அவள் ஜன்னலைத் திறந்து ஷூவை ஒவ்வொன்றாக வெளியே போட்டாள். மழையில் நனைந்து நின்றவன் குரல் இறங்கிவிட்டது. “அடுத்த சனிக்கிழமை பேசிக்கலாம், என்ன?”

“யாருங்க வேணும் உங்களுக்கு?”

“விளையாடாத. நான்தான், கிளைவ்.”

“அந்தப் பேர்ல இங்க யாரும் இல்லீங்க.”

ஜன்னலை மூடினாள். அவன் போகும் சத்தம் கேட்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு மாடிப்படியில் உட்கார்ந்து, இனி வராத சனிக்கிழமைகளுக்காக வாய்விட்டு அழுதாள்.