சுவருக்கு நூற்றிரண்டு

சுவருக்குக் காய்ச்சல் வந்தது ஐந்தாம் நாள் காலை பத்தே காலுக்கு. நூற்றிரண்டு டிகிரி. தொட்டுப் பார்த்துக் கையை உதறியவர் கொத்தனார். இரண்டாம் கல்வரிசைக்கும் மூன்றாம் கல்வரிசைக்கும் நடுவே கலவை இறுகாத இடுக்கில் தெர்மாமீட்டரைச் செருகி உறுதி செய்தவள் அவருடைய மனைவி நர்ஸம்மா.

திருச்சபையிலிருந்து, போதகரும் டாக்டரும் உட்பட, பதினொரு பேர் கடல் தாண்டி அந்தச் சிற்றூருக்கு வந்திருந்தார்கள். பதினான்கு நாளில் ஒரு பிரசவ அறை கட்டித் தருவது, கட்டி முடிக்கும்வரை பக்கத்திலேயே இலவச வைத்தியம் பார்ப்பது. இதுதான் திட்டம். பதினைந்தாம் நாள் மழை தொடங்கும். அந்த ஊர் மழை தேதி தவறாது. கொத்தனார் ஆசைப்பட்டு வந்தவரல்லர். பட்டியலில் அவர் பெயரை எழுதிவிட்டு அப்புறம்தான் நர்ஸம்மா அவரிடம் சொன்னாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அவர் சுவர் எழுப்பி இவள் பார்த்ததில்லை, இவள் ஊசி போட்டு அவர் பார்த்ததில்லை. காலையில் ஒரே வாசலில் இறங்கி ஆளுக்கொரு திசையில் போகிறவர்கள்.

தப்பு டாக்டருடையது. வேறு நிழலே இல்லாததால் நோயாளிகளின் வரிசையைப் புதுச்சுவரின் ஓரமாக உட்கார வைத்தார். உட்கார்ந்தவர்கள் சாய்ந்தார்கள். சாய்ந்தவர்களுக்கு மேசைக்கு வந்து சேர்வதற்குள் காய்ச்சல் விட்டிருந்தது. டாக்டர் கருவியைச் சந்தேகித்து மூன்று தெர்மாமீட்டர் மாற்றினார். போன காய்ச்சல் எங்கே போனது என்று அவர் யோசிக்கவில்லை.

"ஈரம் காயாத சுவத்துல ஆளுங்களைச் சாய விட்டது யாரு?" என்று கொத்தனார் குதித்தார்.

"நிழல் அங்கதானேங்க இருக்கு? காய்ச்சக்காரங்க வெயில்ல நிக்கணுமா?" என்றாள் நர்ஸம்மா.

"அப்ப என் சுவரு?"

"நல்லா இருக்கே! எனக்குக் காய்ச்சல் வந்தப்ப இப்படித் துடிச்சீங்களா? மாத்திரை போட்டுட்டுப் படுன்னுதானே சொன்னீங்க?"

கொத்தனார் திரும்பிச் சுவரைத் தடவிப் பார்த்தார். அவருடைய கவலை நிஜம். புதுச்சுவர் மெதுவாகக் காய வேண்டும். சூட்டில் வெடுக்கென்று காய்ந்தால் வெடிக்கும், கூரையைத் தாங்காது. கூரை ஏறாவிட்டால் தையல்காரியின் பாடு திண்டாட்டம். அந்த ஊர்க்காரி, நிறைமாதம். முதல் பிள்ளையை ஒழுகும் வீட்டில் குடைக்குக் கீழே பெற்றவள். தினமும் கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்து, ஏறும் கற்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எட்டாம் நாள் நூற்று நான்கு. ஜன்னலுக்குக் கீழே முடி போல ஒரு விரிசல். காலையும் மாலையும் தண்ணீர் அடிப்பதுதான் கொத்தனார் அறிந்த முறை. அடித்த தண்ணீர் பத்து நிமிடத்தில் ஆவியானது. போதகர் எல்லோரையும் கூட்டினார். நோயாளிகளை அனுப்பிவிடலாம் என்றார்கள் பாதிப் பேர். கொத்தனார் தையல்காரி உட்கார்ந்திருந்த வாளியின் பக்கம் பார்த்தார், வரிசையின் பக்கம் பார்த்தார். பிறகு கடைசியில் நின்ற கிழவரைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து அவரே சுவரோரம் உட்கார வைத்தார். "சாயட்டும். இடிஞ்சா இன்னொண்ணு கட்டுவேன்" என்றார். இன்னொன்று கட்ட நாள் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

நர்ஸம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு சிமெண்ட் சாக்குகளை நனைக்கச் சொன்னாள். கால்மணிக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்; மாற்றியவர் நேரத்தையும் சூட்டையும் ஆணியில் தொங்கும் அட்டையில் எழுத வேண்டும். காய்ச்சல் விட்டவர்கள் வீட்டுக்குப் போகாமல் வாளி எடுத்தார்கள். மேலே கொத்தனார் கல் வைக்க, கீழே மனைவி ஈரச்சாக்கு போர்த்த, நான்கு நாள் ஓடின. பன்னிரண்டாம் நாள் மதியம் சுவர் முழுக்க முத்து முத்தாக வியர்த்தது. "வேர்த்திருச்சு. இனிமே இறங்கிடும்" என்றாள் நர்ஸம்மா. சாயங்காலம் தொண்ணூற்றெட்டு புள்ளி ஆறு. விரிசல் தழும்பாக மூடியிருந்தது.

பதின்மூன்றாம் நாள் உத்திரம், பதினான்காம் நாள் கூரைத் தகடு. பதினைந்தாம் நாள் விடிகாலை மழை சரியாக வந்தது, கூடவே தையல்காரிக்கு வலியும் வந்தது. பெண் குழந்தை. சொட்டுத் தண்ணீர் உள்ளே விழவில்லை. வாசலில் அவர்களைத் திரும்ப அழைத்துப் போகும் பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. கொத்தனார் மட்டும் கூரையின் நாலு மூலையையும் அண்ணாந்து பார்த்து முடித்த பிறகே பேருந்தில் ஏறினார்.

இப்போது வீட்டில் நர்ஸம்மாவுக்கு லேசாக உடம்பு சுட்டாலும் கொத்தனார் கால்மணிக்கு ஒருமுறை நெற்றித் துணியை மாற்றி, அட்டையில் எழுதியும் வைக்கிறார். அவர் கொஞ்சம் அசந்தால், "சுவருக்குச் செஞ்சீங்களே!" என்று அவள் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. அங்கே சுவர் இன்றும் சாய்கிறவர்களின் காய்ச்சலை வாங்கிக்கொள்கிறது, இரண்டொரு நாளில் வியர்த்து எழுந்துவிடுகிறது. கதவுக்குப் பின்னால் சாக்குகள் மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன. வருடா வருடம் வெள்ளையடிக்க வருகிறவர்கள், தெர்மாமீட்டர் செருகும் இடுக்கை மட்டும் விட்டுவிட்டு அடிக்கிறார்கள்.