மூன்றாவது படத்தின் இயக்குநர்

"மைக்கிலை என்ரை பேரைச் சொல்லுங்கோ, அங்கிள்."

இதை மட்டும் கேட்டுப்போடாதே என்று லண்டன் ஹவுன்ஸ்லோ வீட்டில் சப்பாத்து மாட்டும்போதே அம்மா சொல்லியிருந்தார். செல்வரத்தினம் அங்கிள், இவர்கள் குடும்பம் அகதியாக அசைலம் கேட்ட வழக்குக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவர். அந்த வீட்டில் அவருக்கு மறுபேச்சில்லை. ஜதுர்ஷிகா கேட்டேவிட்டாள்.

வெம்பிளி மண்டபம் நிரம்பிக்கொண்டிருந்தது. இன்னும் பத்து நிமிசத்தில் மத்வேய் ருத்னெவின் மௌனப் படம். திரையில் ரஷ்ய எழுத்து வரும்போதெல்லாம் பக்கத்தில் நின்று தமிழில் வாசிப்பது அவள் வேலை. அவள் மொழிபெயர்த்த தாள்கள் மேசையில் தயாராக இருந்தன. குடும்பத்தின் முதல் பட்டதாரி போயும் போயும் ரஷ்யன் படிக்கிறாள் என்று சிரித்த சனம்தான் முன்வரிசையில்.

படத்துக்காக அச்சடித்த துண்டுப் பிரசுரத்தில் இருந்ததும் அவள் கட்டுரைதான். அடியில் 'வாசகர் வட்டம்' என்று மட்டும். மேலே வட்டத்தை நடத்தும் அங்கிளின் போட்டோ.

"எங்கடை வட்டத்திலை தனி ஆளின்ரை பேர் போடுறேல்லை, பிள்ளை. எல்லாம் கூட்டு வேலை."

"அப்ப இந்த மூஞ்சி ஆரின்ரை கூட்டு?" என்று போட்டோவைக் காட்டினாள்.

பக்கத்தில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த வட்டத்து யோகராஜா இருமினார். சளி இருமல் இல்லை அது.

"சரி, என்ரை பேர் வேண்டாம். அவரின்ரை பேரைச் சொல்லுங்கோ. இயக்கம் ருத்னெவ் எண்டு. கட்டுரையிலை அந்தப் பந்தியை ஏன் வெட்டினீங்கள்?"

அவளால் பொறுக்க முடியாதது அதுதான். ருத்னெவ் பதினொரு படத்தில் நடித்தார், மூன்றை இயக்கினார். இந்த மூன்றாவதன் முடிவை மாற்றச் சொன்னார்கள். மாட்டேன் என்றார். ஸ்டூடியோ அவர் பெயரைத் தூக்கிவிட்டு 'கூட்டுத் தயாரிப்பு' என்று போட்டது. பிறகு சாகும்வரை கும்பலில் நிற்கும் வேடம்தான். எட்டு மாதம் பழைய சஞ்சிகைகளைக் கிளறி அவள் கண்டுபிடித்தது. பிரசுரத்தில் அவர் வெறும் நடிகர்.

"சனம் ஒண்டாய் நிண்டு எடுத்த படம் எண்டால்தானே வடிவு," என்றார் அங்கிள். "உன்ரை பந்தி அதைக் கெடுக்குது."

"நடந்தது அதுதானே."

"கொம்மாவுக்குத் தெரியுமே, நீ இப்பிடிக் கதைக்கிறது?"

அந்தக் கடிதத்தைத்தான் அவர் நினைவூட்டுகிறார்; அதோடு அவளுக்கு எல்லாம் முடிந்துவிட்டது.

விளக்குகள் அணைந்தன. "படம் முடியக் கதைப்பம். போய் நில்," என்று அவர் தோளில் தட்டினார்.

அவள் மேசைக்குப் போனாள். அங்கிள் நிம்மதியாகக் கதிரையில் சாய்ந்தார். அவள் தாள்களை அடுக்கிப் பைக்குள் வைத்து சிப்பை இழுத்து மூடினாள். திரையில் முதல் ரஷ்ய வரி விழுந்தது. சனம் குரலுக்குக் காத்திருந்தது. ஜதுர்ஷிகா நடுவழியால் நடந்து, கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள்.