துரைசானி தோண்டச் சொன்ன குழி

அய்யாவு கங்காணியிடம் நான் சொன்னது இவ்வளவுதான். "கோயில் பக்கத்துத் தரையில ஒரு குழி வேணும் கங்காணி. இருபதடி நீளம், எட்டடி அகலம், ஓரடி ஆழம். அதுக்கு முன்னால நாற்பது கஜம் புல்லு வெட்டி நேராய்ச் சமப்படுத்தோணும். துரைசானி கேட்டவ."

எதற்கென்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. முழங்காலுக்கு மேலே நிற்கும் கால்சட்டையோடு துரைசானி ஓடி வந்து அந்தக் குழிக்குள் குதிக்கப் போகிறாள் என்று ஓர் ஆணிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் மௌனத்தை மரியாதை என்று எனக்கு நானே பெயரிட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன்.

சிங்கப்பூருக்கு வடக்கே, உலு திராமுக்கு அப்பால் இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் என் கணவர் சிற்றம்பலம் பெரிய கிராணியாக, தலைமை எழுத்தராக இருந்தார். யாழ்ப்பாணத்தில் மிஷன் பள்ளியில் படித்ததால் எனக்கு ஆங்கிலம் வரும். அதனால் செவ்வாயும் வெள்ளியும் பங்களாவில் துரைசானியோடு தேநீர் குடிப்பது என் வேலையாயிற்று. அவள் பெயர் நோரா விட்பி. வயது முப்பத்தொன்று.

மற்ற துரைசானிகளைப் போல அவள் பெரிய இடத்துப் பெண் அல்ல. தகப்பன் லங்காஷயரில் ரயில் கைகாட்டி இழுப்பவர். பதினான்கு வயதில் நோரா பஞ்சாலைக்குப் போனாள். ஆலைப் பெண்கள் உல்லாசமாக வெளியே போன ஒரு நாள், மற்றவர்கள் சுற்றிக்கொண்டு போன ஓர் ஓடையைத் தொப்பி கழலாமல் தாண்டினாள். அதைப் பார்த்த மேற்பார்வையாளர் ஒருவர் அவளை ஆலையின் ஓட்டக் கழகத்தில் சேர்த்தார். ஏழு ஆண்டுகள், வேலை முடிந்த பிறகு, சாம்பல் பரப்பிய ஒரு பாதையில் ஓடி ஓடிக் குதித்தாள். பாரிஸில் ஒரு போட்டிக்குப் போய்ப் பதினேழடி இரண்டு அங்குலம் தாண்டி இரண்டாவதாக வந்தாள். வாய் திறந்தபடி காற்றில் நிற்கும் அவளுடைய படம் பத்திரிகையில் வந்தது. தாய் அதை வெட்டி, முகம் கீழே இருக்கும்படி மேசை இழுப்பறையில் வைத்தாளாம். அதே வாரம், இப்படிக் குதிக்கும் பெண்களுக்குப் பிள்ளை பிறக்காது என்று ஒரு மருத்துவர் எழுதினார். கல்யாணமாகி ஐந்து வருஷம் பிள்ளை இல்லாததால், மாமியாரின் கடிதங்களில் அந்த மருத்துவர் இன்னும் வந்துகொண்டிருந்தார்.

இதையெல்லாம் அவள் குறையாகச் சொல்லவில்லை. பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளிக்கொண்டே, யாரோ பழகியவளைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள்.

ஜூலை தொடக்கத்தில் சிங்கப்பூர் விளையாட்டுக் கழகம் ஒன்றிலிருந்து அச்சடித்த தாள் வந்தது. முதல் முறையாகப் பெண்களுக்கும் நீளம் தாண்டுதல். சேர விரும்புகிறவர்கள் பதினைந்தடிக்குக் குறையாமல் தாண்டி, அளந்து, உறவில்லாத இரண்டு சாட்சிகளின் கையெழுத்தோடு மாத முடிவுக்குள் அனுப்ப வேண்டும். நோரா அந்தத் தாளை மடித்து மடித்து மடிப்பிலேயே கிழித்துவிட்டாள்.

"பதினைந்தடி என்னிடம் மீதி இருக்கிறதா என்று எனக்குத் தெரிய வேண்டும், ஞானேஸ்வரி. தெரிந்த பிறகு ஹாரியிடம் சொல்கிறேன்."

அதனால்தான் கணவரான துரையிடம் போகாமல் என் மூலம் குழி கேட்டாள்.

பத்து நாள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, குழியைப் பார்க்கப் போனேன். சொன்ன அளவில் ஓர் அங்குலம் பிசகவில்லை. ஆனால் சுற்றிலும் வேப்பிலைத் தோரணம். ஒரு முனையில், நான் கேட்காத சின்னப் பால்குழி. பக்கத்தில் ஆள் உயரத்துக்கு விறகு அடுக்கியிருந்தது. மாரியம்மன் கோயில் வாசலில் மஞ்சள் சேலையோடு வெள்ளையம்மா உட்கார்ந்திருந்தாள். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். கையில் காப்பு கட்டியிருந்தது.

"வாங்க கிராணியம்மா. தொரசானிக்கு ஆயுசு நூறு. ரெண்டு வருசமா தீ மிதிக்க உத்தரவு கேட்டு நடையா நடந்தோம். தொர மாட்டேன்னுட்டாரு. பொம்பள மனசு பொம்பளைக்குத்தான் தெரியுதுலா."

"எப்ப மிதிக்கிறியள்?"

"ஞாயித்துக்கெழம. எங்க வூட்டுக்காரரு காய்ச்சல்ல கெடந்தப்ப நேந்துகிட்டது. இருவது பேரு காப்பு கட்டியிருக்கோம்."

காப்பு கட்டிய பிறகு திரும்ப முடியாது. வேலு, அவள் புருஷன், விறகின் மேல் உட்கார்ந்து என்னைப் பார்த்துக் கும்பிட்டான். குழிக்கு முன்னால் நாற்பது கஜம் நேர்த்தியாக வெட்டிய புல்வெளி, கரகம் வரும் பாதைபோலவே இருந்தது. எனக்கே அப்படித் தோன்றியது என்றால் அவர்களைச் சொல்லி என்ன?

பங்களாவுக்குப் போகும் வழியெல்லாம் பொய்கள் தயாரித்தேன். கங்காணி தப்பாகப் புரிந்துகொண்டார் என்று சொல்லலாம். கூலிகள் பிடிவாதக்காரர்கள் என்று சொல்லலாம். ஒவ்வொன்றிலும் குற்றம் வேறு யாருடைய தலையிலோ போய் உட்கார்ந்தது. எனக்கு அது எவ்வளவு இலேசாக வந்தது என்பதுதான் என்னைப் பயமுறுத்தியது. நோராவின் முன்னால் உட்கார்ந்ததும் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"எதற்கு என்று ஏன் சொல்லவில்லை?"

"வெட்கமாக இருந்தது."

"என் அம்மாவுக்கும் அப்படித்தான்" என்றாள். கோபம் இல்லை. அதுதான் சுட்டது.

பிறகு அவள் வேறு ஆளாகிவிட்டாள். கடைசித் தபால் வண்டி எப்போது? திங்கள் இரண்டு மணிக்கு. நெருப்பு எப்போது அணையும்? ஞாயிறு இரவு. மணல்? ஓடையில் இருக்கிறது. "அப்படியென்றால் திங்கள் மதியம். பழக முடியாது, அவ்வளவுதான். ஓட்டத்தை மட்டும் இங்கே புல்லில் பழகுகிறேன். தீ மிதிக்க உத்தரவு நான் கொடுத்தது என்று ஹாரியிடம் இன்றைக்கே சொல்லிவிடுகிறேன். குழி எதற்கு என்பதையும்."

துரை முதலில் சாப்பாட்டை முடித்தாராம். அப்புறம் எழுந்து, பதினைந்தடி என்றால் எவ்வளவு என்று கேட்டு, கம்பளத்தின் மேல் காலடி வைத்து அளந்து பார்த்தாராம்.

கோயில் பக்கம் நான்தான் பேச வேண்டும். ஆத்தாளின் குழியில் மறுநாளே கால்சட்டையோடு ஒருத்தி குதிக்க வேண்டும் என்று எப்படிக் கேட்பது? மறுநாள் காலை அய்யாவு கங்காணியை, ஆள் கணக்கு எடுக்கும் பிரட்டுக் களத்தில் பிடித்தேன். கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் சொன்னேன், கால்சட்டை உட்பட.

அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார்.

"தீக்குழி இல்லேன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்மா."

"தெரியுமோ?"

"ரெண்டு வருசம் குடுக்காத தொர, திடீர்னு அளவு போட்டா குடுப்பாரு? எதுக்குன்னு கேட்டா நீங்க சொல்லியிருப்பீங்க. சொல்லிட்டா எங்களுக்குக் குழி இல்ல. அதான் கேக்கல."

எங்கள் இரண்டு பேரின் வாய் மூடியிருந்ததில் ஒரு திருவிழா வந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அவர் அடக்கவில்லை.

"அப்ப திங்கக்கெழம?"

"மிதிச்சு முடிச்சு, பால் ஊத்தி, சாம்பல அள்ளிட்டா ஆத்தா கோயிலுக்குள்ள போயிருவா. அப்புறம் அது வெறுங்குழி. ஆனா செருப்புக் காலோட வரக்கூடாது, சொல்லிடுங்க."

ஆணி வைத்த சப்பாத்து இல்லாமல் தாண்ட வேண்டும். தேங்காய் எண்ணெய் பூசிப் பூசி ஐந்து வருஷமாகப் பூஞ்சணம் பிடிக்காமல் அவள் காத்த சப்பாத்து. நோரா அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுப் பெட்டிக்குள் வைத்தாள். "அந்த ஓடையைச் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் தாண்டினேன்" என்றாள்.

ஞாயிறு மாலை இருபது பேரும் மிதித்தார்கள். வெள்ளையம்மா தலையில் கரகத்தோடு, சந்தைக்குப் போகிறவளைப் போல அவசரமில்லாமல் நடந்தாள். துரைக்குப் பக்கத்தில் நின்ற நோரா அவளுடைய பாதங்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்களன்று ரப்பர் பால் நிறுத்து முடித்ததும் பெண்கள் பால்வாளிகளில் ஓடை மணல் கொண்டுவந்து கொட்டினார்கள். ஒருவரும் அவர்களை ஏவவில்லை. வேடிக்கை பார்க்கும் ஆசையும் இருந்திருக்கும். நீல நிறக் கால்சட்டையோடு நோரா வந்தபோது ஒரு கணம் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் கால்களைப் பார்த்தார்கள்.

"என்னாடி, கொக்கு மாதிரி இருக்கு" என்றாள் வெள்ளையம்மா.

"கொக்குதான் தாண்டும்" என்றான் வேலு.

முதல் முறை, எம்பும் இடத்தில் பதித்திருந்த வெள்ளைப் பலகையைக் கால் கடந்துவிட்டது. நாடாவோடு நின்ற என் கணவர் தலையை ஆட்டினார். துரை ஏதோ சொல்ல வாயெடுத்தார். "பிழையெண்டால் பிழைதான்" என்று என் கணவர் என்னிடம் தமிழில் சொல்லிவிட்டு, அதையே மரியாதையான ஆங்கிலத்தில் துரையிடமும் சொன்னார். அவரோடு வாழ்ந்த பதினாறு வருஷத்தில் அவ்வளவு பெருமையாக நான் அவரைப் பார்த்ததில்லை.

இரண்டாம் முறை பதினான்கடி பத்து அங்குலம். நோரா மணலில் உட்கார்ந்தபடியே உள்ளங்கையைக் கீழே அழுத்தினாள். "அடியில் இன்னும் சூடு இருக்கிறது" என்றாள். எழுந்து திரும்பி நடக்கையில் அவள் முகத்தில் நிறைவும் இல்லை, ஏமாற்றமும் இல்லை. வீட்டில் எதையோ எங்கே வைத்தோம் என்று நினைவுபடுத்திப் பார்ப்பவளின் முகம். தன் உடம்பை ஒருத்தி அப்படிக் கேள்வி கேட்கலாம் என்று எனக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. என் உடம்பிடம் நான் கேட்டதெல்லாம், வலி எங்கே என்பது மட்டும்தான்.

மூன்றாம் முறை, பலகையை அவள் மிதித்த ஓசை தனியாகக் கேட்டது. வாய் திறந்திருந்தது. அழகாக இல்லை. பெண்களில் யாரோ குலவையிட்டார்கள்.

என் கணவர் இரண்டு தரம் அளந்தார். "பதினைந்தடி மூன்று அங்குலம்."

துரை வேலியைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்து நின்றார். சாட்சியாக முதலில் என் கணவர் கையெழுத்துப் போட்டார். பேனாவை என்னிடம் நீட்டி, "நீரும் போடும்" என்றார். முழுப் பெயரையும் எழுதினேன்.

"என்னா எழுதுறீங்க கிராணியம்மா?" வெள்ளையம்மா கேட்டாள்.

ஆண்களும் நின்றிருந்தார்கள். நான் குரலைத் தாழ்த்தவில்லை. "துரைசானி ஓடி வந்து பதினைஞ்சடி தாண்டினவ. நான் கண்ணால கண்டனான் எண்டு எழுதியிருக்கு."

"பதினஞ்சுதானா? நாங்க இருவது நடந்தோமே."

நோராவுக்கு மொழிபெயர்த்தேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். உண்மைதான், அதையும் எழுதிக்கொள்ளச் சொல் என்றாள். கடிதம் தபால் வண்டியில் ஏறும்வரை அவள் பங்களாவுக்குப் போகவில்லை. ஈர மணல் ஒட்டிய காலோடு பெண்களுக்கு நடுவே உட்கார்ந்து, கோயில் பானகத்தை இரண்டு குவளை வாங்கிக் குடித்தாள்.