மூன்றாம் மாடியில் குடியிருந்த விகுதி

1881 பிப்ரவரியில், ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஒரு வீட்டின் மூன்றாம் மாடியில், துண்டுச்சீட்டுகள் மட்டுமே இருந்த ஒரு மர இழுப்பறை எழுபத்திரண்டு கிலோ எடை இருந்தது. கரிக்கடைத் தராசைக் கொண்டுவந்து நிறுத்துப் பார்த்தார்கள், சந்தேகமில்லை. அதே அளவு சீட்டுகள் இருந்த பக்கத்து இழுப்பறை இரண்டு கிலோகூடத் தேறவில்லை.

அங்கே குடியிருந்த மொழியறிஞர் டிரவ்கோட் நெபெலுங் பதினொரு ஆண்டுகளாக ஒரே விஷயத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஜெர்மன் பெயரடைகளின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் 'லிஷ்' என்ற விகுதி ஒரு காலத்தில் தனியாக நின்ற சொல், அதற்கு உடல் என்று பொருள், நண்பனின் உடல் கொண்டவன்தான் காலப்போக்கில் தேய்ந்து நட்பானவன் ஆனான் என்பது அவர் கட்சி. ஜெர்மன் மொழியின் பழைய உறவான கோத்திக் மொழி ஏடுகளிலிருந்து அதற்காகச் சேர்த்த சீட்டுகள்தான் அந்த இழுப்பறையில் இருந்தன. நிரூபித்தால் பல்கலைக்கழகத்தில் நிரந்தர வேலை. ஆய்வேட்டைப் பரிசீலித்த குழுவின் தலைவரோ, விகுதி சொல்லின் வால், வால் என்றைக்கும் வால்தான் என்று எழுதி மூன்று முறை ஆய்வேட்டைத் திருப்பிவிட்டார். மூன்று முறையும் நெபெலுங் ஒரு மைக்கூட்டை உடைத்தார்.

வீட்டுக்காரி சோஷே அம்மாளின் கவலை வேறு. இழுப்பறை கதகதப்பாக இருந்தது.

"டாக்டரய்யா, உள்ள ஆள் இருக்கு. புதுசா குடிவந்தவங்களை மூணு நாளுக்குள்ள போலீஸ்ல பதியலைன்னா என்னைத்தான் பிடிப்பாங்க."

"ஐயோ, அது வெறும் காகிதம்மா!"

"காகிதத்துக்கு எதுக்குங்க உடம்பு சுடுது?"

மறுநாள் காவல் நிலைய எழுத்தர் படியேறி வந்து, இழுப்பறையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, குடியிருப்போர் படிவத்தை நிரப்பினார். பெயர்: லிஷ். வயது: தெரியவில்லை. நிலை: தனியாள். பதினொரு ஆண்டுகளாகத் தன்னால் நிறுவ முடியாததை அந்த மனிதர் ஒரே நிமிடத்தில் எழுதி முத்திரையும் குத்தியதைப் பார்த்து நெபெலுங்குக்கு ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் படிவத்தின் நகலை ஆய்வேட்டோடு இணைத்து அனுப்பினார். போலீஸ் பதிவேடு மொழியியல் சான்றாகாது என்ற குறிப்போடு அது நான்காம் முறையாகத் திரும்பி வந்தது. வேலை வேறொருவருக்குப் போயிற்று.

அந்தக் கோடையில், தளம் இரண்டு பேரைத் தாங்காது என்று கொத்தனார் சொல்லிவிட்டார். சோஷே அம்மாள் யோசித்தார். ஒருவர் புகைபிடிக்கிறார், கத்துகிறார், மைக்கூடு உடைக்கிறார். இன்னொருவரால் ஒரு தொந்தரவும் இல்லை. நெபெலுங் அறையைக் காலி செய்துகொண்டு, கெம்னிட்ஸ் ஊரில் ஒரு பெண்கள் பள்ளிக்கு இலக்கணம் சொல்லித்தரப் போனார். ஞாயிறுதோறும் ரயிலேறி வந்து புதிய சீட்டு ஒன்றை இழுப்பறையில் போட்டுவிட்டு, அதன் பக்கத்தில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"அவர் குடிச்சாச்சு," என்பார் சோஷே அம்மாள், இழுப்பறைக்கு வைத்திருந்த காலிக் கோப்பையை எடுத்தபடி. "உங்க காபிதான் ஆறுது."