நான்கு வருடம் நிறைமாதம்

ஏரி ஆய்வுக்கூடத்தில் குடுவை கழுவுபவரின் மனைவி நான்கு வருடமாக நிறைமாதமாகவே இருந்தாள். மருத்துவர் மாதந்தோறும் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. அதுக்கே அவசரமில்ல, நமக்கென்ன?" என்று அனுப்பிவிடுவார். தைத்து வைத்த குட்டிச் சட்டைகள் மடிப்பிலேயே மஞ்சளாயின. மத்தியானங்களில் அவற்றை வெயிலில் உலர்த்தியபடி, "எப்போ கண்ணு வருவே?" என்று வயிற்றிடம் கேட்பாள். உள்ளிருந்து ஓர் உதை வரும், அவ்வளவுதான். "சாமி அனுப்பிடுச்சு. வாசல்லதான் நிக்குது" என்பாள் கணவரிடம்.

ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி செய்யும் அம்மாவின் வேலை, ஏரிச் சேற்றிலிருந்து நீர்ப்பூச்சிகளின் முட்டைகளை எடுத்துப் பொரிக்க வைப்பது. கடுகைவிடச் சிறிய அந்த முட்டைகள், மீன் வாசமுள்ள தண்ணீரில் பொரியாமல் வருடக்கணக்கில் தூங்கும். இதைக் கேட்ட நாள்முதல் குடுவை கழுவுபவர் மீன்தொட்டிப் பக்கமே போகவில்லை. மீன் வாசம் போக எலுமிச்சையால் தேய்த்துத் தேய்த்துக் கைத்தோல் உரிந்தது. குழந்தை வரவில்லை.

"அந்த முட்டைங்க எல்லா மீனுக்கும் ஒரே மாதிரி பயப்படாதுங்க," என்றார் அந்த அம்மா ஒருநாள். "தன் இனத்தைத் தின்ன மீன் இருக்கு பாருங்க, அதோட வாசம்தான் முட்டைங்களுக்கு ஆகவே ஆகாது."

குடுவை கழுவிக்கொண்டிருந்தவர் குழாயை மூடினார். நான்கு வருடத்துக்கு முன், மனைவிக்கு நாள் நெருங்கிய வாரத்தில், வீட்டில் ஒரு கண்ணாடி ஜாடி உடைந்தது. பக்கத்தில் நின்றவள் மாடியில் குடியிருக்கும் அண்ணன் மகள், அப்போது ஆறு வயது. கன்னத்தில் அறைந்தார். அன்றிலிருந்து அவள் அவரைக் கண்டால் சுவரோரமாகத்தான் படியிறங்கினாள். அவர் அதை மறந்தே போனார். மறக்காதவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள், ஒருவர் மாடியில், ஒருவர் வயிற்றுக்குள்.

மீனைப் பற்றிக் கேட்ட அன்று சாயங்காலமே மாடிப்படியில், அண்ணன் மகளுக்கு ஒரு படி கீழே உட்கார்ந்தார்.

"சித்தப்பா அன்னைக்கு அடிச்சது தப்பு கண்ணு. மன்னிச்சிடு."

"ஜாடிய நான் உடைக்கல. பூனை தட்டி விட்டுச்சு."

"ஏம்மா சொல்லல?"

"நீங்க கேக்கவே இல்லியே, சித்தப்பா."

அவள் அவர் கையை இழுத்து முகர்ந்து பார்த்தாள். "ஐய, ஒரே எலுமிச்சை!" என்று சிரித்தாள். கைகோர்த்து அவர்கள் கடைசிப் படியை அடைவதற்குள் மனைவி உள்ளிருந்து கூப்பிட்டுவிட்டாள்.

பெண் குழந்தை. தலைமுடி இடுப்புவரை இருந்தது. மஞ்சளான சட்டையை அண்ணன் மகள்தான் போட்டுவிட்டாள், அளவு சரியாக இருந்தது. பிறப்புப் பதிவு குமாஸ்தா தாமதத்துக்குக் காரணம் கேட்டு, "வீட்டுச் சூழ்நிலை" என்று நிரப்பிக்கொண்டார். அக்கம்பக்கத்தில் யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. நிறைமாதப் பெண்கள் இருந்த வீடுகளில் மட்டும் அந்த வாரம் குரல்கள் கொஞ்சம் தணிந்தன.